குரல் வேண்டும், ஆள் வேண்டாம்!

“நீர் நீக்ரோவா?”

வேலை கேட்டு வந்தவரைப் பார்த்து வானொலி நிலையத்தார் கேட்ட கேள்வி இது. இடம், அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகர். காலம், 1940-களின் இறுதி. வந்தவர் வெர்னன் வின்ஸ்லோ. டில்லார்டு பல்கலைக் கழகத்தில் ஓவியம் கற்பித்த ஆசிரியர். நிறமோ சற்று வெளிறியது, பேச்சோ திருத்தமானது. ஆகவே ஐயம் பிறந்தது, கேள்வி எழுந்தது. உண்மையை ஒளிக்கவில்லை வின்ஸ்லோ. கறுப்பர் எங்கள் ஒலிவாங்கியின் முன் அமர இடமில்லை என்றனர் நிலையத்தார்.

அத்துடன் முடிந்திருந்தால், அந்நாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நாள்தோறும் நடந்த ஆயிரம் கொடுமைகளில் அதுவும் ஒன்று. முடியவில்லை, தோழர்களே! ஆளை வேண்டாமென்றவர்கள், அந்த ஆளின் பேச்சை விலை பேசினர். கறுப்பின மக்கள் தெருவில் பேசும் மொழி, அவர்தம் கேலி, அடுக்கு, துள்ளல் அத்தனையும் தாளில் எழுதித் தரவேண்டும். அதை எப்படி இழுத்து, எப்படி நெளித்து, எங்கே நிறுத்திப் பேசுவதென்று ஒரு வெள்ளை அறிவிப்பாளனுக்குப் பயிற்றுவிக்க வேண்டும். பயிற்றுவித்தார் வின்ஸ்லோ. அந்தக் கற்பனை அறிவிப்பாளனுக்கு ‘பாப்பா ஸ்டாப்பா’ என்று பெயரும் சூட்டினார். ஒருநாள் வெள்ளையர் இருக்கையில் இல்லாதபோது, தாம் எழுதியதைத் தாமே ஒலிவாங்கியில் படித்தார். வேலை போயிற்று! பெயர் மட்டும் நிலையத்தின் உடைமையாக நின்றது. வெள்ளையர் ஒருவர்பின் ஒருவராக அதைப் பூண்டு பேசினர்.

கிணறு வெட்ட அவன் கை வேண்டும். வெட்டிய கிணற்றில் நீர் மொள்ள அந்தக் கை கூடாது. இந்த நியாயம் நமக்குப் புதிதா என்ன!

அப்படி என்ன பேச்சு அது? இசைத்தட்டுச் சுழலத் தொடங்கியதும், பாடகன் வாய் திறக்குமுன் வரும் சில நொடி வாத்திய இசையின்மேல் ஏறிக்கொண்டு, அறிவிப்பாளன் எதுகையும் மோனையுமாகப் பொழிவான். கத்துவான், உறுமுவான், சிரிப்பான். தனக்குத்தானே டாக்டர் பட்டமும் பிரபுப் பட்டமும் சூட்டிக் கொள்வான். ஒரு புட்டி பீருக்குக் காவிய நாயகனின் புகழைச் சூட்டுவான். டிஸ்க் ஜாக்கி என்பது இத்தொழிலுக்கு அவர்கள் இட்ட பெயர். போர் முடிந்த 1945-இல் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்க வானொலி நிலையங்கள், 1950-க்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. பெரிய நாடகங்களையும் பெரிய விளம்பரதாரரையும் தொலைக்காட்சி இழுத்துக்கொண்டு போக, சிற்றூர் நிலையங்களின் கையில் மிஞ்சியவை இசைத்தட்டும் ஒரு மனிதனின் வாயும்தான். வாய் பெரிதாக இருந்தால்தான் கடை நடக்கும் என்றாயிற்று.

கோமாளிக் கூச்சல் என்று முகம் சுளித்தனர் கற்றோர். கறுப்பினக் கற்றோரிலும் சுளித்தவர் உண்டு. சிகாகோவில் 1929-லேயே கறுப்பர்க்கென நிகழ்ச்சி தொடங்கிய ஜாக் கூப்பர், இலக்கணம் வழுவாத இனிய ஆங்கிலத்தில் பேசினார். வெள்ளையர் கேட்டாலும் குறைசொல்ல இயலாத பேச்சு. அவருக்குப் பின்வந்த ஆல் பென்சன், மிசிசிப்பிப் பருத்திக் காட்டின் கொச்சையை அப்படியே வானில் ஏற்றினார். சொற்கள் தடுக்கின, உச்சரிப்பு உருண்டது. அந்தக் கொச்சையைக் கேட்டு, தெற்கிலிருந்து பிழைப்புத்தேடி வந்த ஆலைத் தொழிலாளி, ‘இவன் நம்மவன்’ என்றான். கூப்பரைக் குறைத்து மதிப்பிடேன். கதவைத் திறந்தவர் அவர். ஆனால் திறந்த கதவு வழியே மக்களின் பேச்சு உள்ளே வந்தது பென்சனோடுதான். அடுக்குமொழியை அரங்கேற்றி, அதற்காக ஏச்சும் கேட்டவர்கள் நாம். பென்சனைப் பழிக்க நமக்கு நாக்கு எழாது!

மெம்பிசு நகரத்து நிலையம் ஒன்று, டபிள்யூ.டி.ஐ.ஏ. முதலாளிகள் இருவரும் வெள்ளையர்; வாணிபமோ படுத்துவிட்டது. வேறு வழியின்றி 1948 அக்டோபரில் நாட் வில்லியம்சு என்னும் கறுப்பின வரலாற்று ஆசிரியரை ஒலிவாங்கிமுன் அமர்த்தினர். விளக்கு எரிந்தது, வாய் அடைத்தது, சொல்ல வந்ததெல்லாம் மறந்து போயிற்று. மனிதர் சிரித்துவிட்டார். அந்த வெடிச்சிரிப்பே பின்னர் அவருடைய முத்திரையாயிற்று. பகலில் பள்ளிப்பாடம், மற்ற நேரத்தில் வானொலிச் சிரிப்பு. அறிவிப்பாளர் அனைவரும் கறுப்பராக மாறிய அந்த நிலையம், 1954-இல் 50,000 வாட் ஆற்றல் பெற்றது. உரிமைப் பற்றால் விளைந்ததல்ல இது. கறுப்பர் சட்டைப்பையிலும் காசு இருக்கிறது என்ற கண்டுபிடிப்பால் விளைந்தது.

வின்ஸ்லோவுக்கும் அப்படித்தான் வழி பிறந்தது. 1949-இல் ஒரு பீர் ஆலை அவரை அழைத்தது. ‘டாக்டர் டாடியோ’ என்ற பெயரில், இம்முறை தம் குரலிலேயே பேசினார். நியூ ஆர்லியன்சின் முதல் கறுப்பின டிஸ்க் ஜாக்கி! நிலையம் இருந்த விடுதியின் முன்வாயில் மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. சரக்கேற்றும் மின்தூக்கிதான் அவர்க்கு வழி.

பாப்பா ஸ்டாப்பா வித்தையோ நாடெங்கும் பரவிற்று. நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. நிலையத்தில் ஜான் ரிச்பர்க் பேசியதைக் கேட்டோர் பலர், அவரைக் கறுப்பரென்றே நம்பினர், அவர் வெள்ளையர். 1960-களில் மெக்சிகோ எல்லையிலிருந்து 2,50,000 வாட் ஆற்றலில் ஓநாய்போல் ஊளையிட்ட ‘வுல்ஃப்மேன் ஜாக்’, புரூக்ளினில் பிறந்த ராபர்ட் ஸ்மித். 1973-இல் ஒரு திரைப்படத்தில் முகம் காட்டும்வரை, அவர் எந்த நிறத்தவரென்று அறியாதார் பலர். இவர்களில் கறுப்பின இசையை உளமார விரும்பியவர் இருந்தனர். அதை மறுப்பது அறமாகாது. ஆயினும் பூசிய மையைக் கழுவிவிட்டு முன்வாயில் வழியே வீடு திரும்ப அவர்களால் முடிந்தது.

கறுப்பின அறிவிப்பாளருக்கோ, அந்தப் பேச்சு வேடமல்ல. சில வேளைகளில் அதுவே கேடயம். 1963 மே திங்களில் அலபாமாவின் பர்மிங்காமில் அது தெரிந்தது. பெரியவர்கள் மறியல் செய்தால் வேலை பறிபோகும். பிள்ளைகள் செல்லட்டும் என்று முடிவாயிற்று. செய்தி பரவவேண்டும், காவல்துறை அறியக்கூடாது. டபிள்யூ.இ.என்.என். நிலையத்தின் ஷெல்லி ஸ்டூவர்ட்டும் ‘நெட்டைப் பால்’ ஒயிட்டும், வழக்கமான கூத்தும் கும்மாளமுமாக அறிவித்தனர்: பூங்காவில் ஒரு விருந்து, பிள்ளைகளே, வாருங்கள், பல்தூரிகை எடுத்து வாருங்கள்!

விருந்துக்குப் பல்தூரிகை எதற்கு? சிறையில் விடிந்தால் பல் துலக்க! கேட்ட பிள்ளைகளுக்குப் பொருள் புரிந்தது. கேட்டிருந்த அதிகாரிகளுக்கோ வாடிக்கையான கோமாளிப் பேச்சாகவே பட்டது. மே 2-ஆம் நாள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியர் பள்ளியை விட்டு வெளியேறி அணிவகுத்தனர். நூற்றுக்கணக்கில் சிறை புகுந்தனர். மறுநாள் காவல்தலைவர் கானர், அவர்கள்மேல் நீர்ப்பீரங்கியையும் நாய்களையும் ஏவினார். அந்தப் படங்களை உலகம் கண்டது.

சொல்லைப் பெரிதாக்குபவன் அதன் போக்கை எப்போதும் அடக்கிவிட முடியாது என்பதற்கும் சான்றுண்டு. லாசு ஏஞ்சல்சில் மாண்டேகு என்னும் அறிவிப்பாளர், நல்ல பாட்டு ஒலிக்கையில் “எரி, எரி!” என்ற பொருளில் கூவுவார், பாட்டு சூடாக இருக்கிறது என்பதே கருத்து. 1965 ஆகத்தில் வாட்சு பகுதி கொந்தளித்தபோது, உண்மையாகவே தீ வைத்தவர்களின் முழக்கமாயிற்று அக்கூவல். 34 பேர் மாண்டனர். அதிகாரிகள் நெருக்கினர், மாண்டேகும் தம் கூவலைக் கைவிட்டார். கலவரத்தின் காரணம் அந்த இரு சொற்களில் இருந்ததாகப் பேசினோர், அப்பகுதியின் வேலையின்மையையும் காவல்துறையின் தடியையும் பேச மறந்தனர். வசதியான மறதி!

1967 ஆகத்தில் அட்லாண்டாவில் கறுப்பின அறிவிப்பாளர் சங்கத்தின் மாநாடு கூடிற்று. மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசினார். சமுதாய மாற்றத்துக்குப் பாதையிட்டவர்கள் நீங்கள் என்ற பொருளில் அவர்களைப் பாராட்டினார். பர்மிங்காம் பிள்ளைகளின் அறப்போரை எடுத்துரைத்து, நெட்டைப் பாலின் பெயரைச் சொல்லியே போற்றினார். மாநாடு முடிந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிச் சென்றது, வெள்ளை முதலாளிகளின் நிலையங்களுக்குத்தான்.