மவுண்ட் ரோடு: வாழ்ந்து, விழுந்து, மறுபடி எழுந்து நிற்கும் ஒரு சாலையின் கதை!

எல்.ஐ.சி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி எஸ்கலேட்டரில் மேலே வாங்க. பக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா, கொஞ்சம் தள்ளி எல்.ஐ.சி கட்டடம், நடக்குற தூரத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே கட்டடத்தில் இயங்கும் புத்தகக் கடை. நம்மில் பல பேருக்கு இது ஆபீஸ் போற வழியில் வரும் சிக்னல், அவ்வளவுதான். ஆனா, நம்ம தாத்தா பாட்டிகிட்ட 'மவுண்ட் ரோடு'ன்னு சொல்லிப் பாருங்க. அவங்க கண்ணுல ஒரு வெளிச்சம் வரும். அண்ணா சாலைன்னு பெயர் மாறி அரை நூற்றாண்டு தாண்டியும், பழைய பெயர் வாயைவிட்டுப் போகவே இல்லை.

ஒரு காலத்தில் சென்னையின் முகமாக இருந்த இந்தச் சாலை எப்படி வளர்ந்தது, ஏன் களையிழந்தது, இப்போ உண்மையிலேயே மீண்டுவிட்டதா?

பாலம் கட்டிய வணிகர்

ஜார்ஜ் கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகும் வழி, அதாவது செயின்ட் தாமஸ் மவுண்ட்டுக்குப் போகும் சாலை. மவுண்ட் ரோடுன்னு பெயர் வந்தது அப்படித்தான். நடுவில் அடையாறு குறுக்கிட்டதால் மலைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்பட்டார்கள். 1726-ல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் சொந்தச் செலவில் அங்கே ஒரு பாலம் கட்டினார். அதுதான் மர்மலாங் பாலம். இப்போ சைதாப்பேட்டையில் நாம் தாண்டிப்போகும் மறைமலை அடிகள் பாலம், அதே இடத்தில் பின்னாளில் கட்டப்பட்டது.

பாலம் வந்ததும் போக்குவரத்து கூடியது. வயலும் தோப்புமாக இருந்த பகுதியில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் முளைத்தன. அவர்களைத் தேடிக் கடைகளும் வந்தன.

வெள்ளைக்காரர்களின் கடைத்தெரு

1840-ல் சிம்சன் நிறுவனம் தொடங்கியது. குதிரை வண்டி செய்வதில் பெயர் வாங்கிய கம்பெனி, பிறகு மோட்டார் வாகனத் தொழிலுக்கு மாறியது. 1844-ல் ஹிக்கின்பாதம்ஸ் வந்தது. இன்றும் இயங்கும் இந்தியப் புத்தகக் கடைகளில் மிகப் பழையது இதுதான். இப்போ நாம் பார்க்கும் வெள்ளை நிறக் கட்டடம் 1904-ல் திறக்கப்பட்டது. 1863-ல் தொடங்கிய ஸ்பென்சர்ஸ், 1890-களில் பிரமாண்டமான இந்தோ-சாரசெனிக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. கடிகாரத்துக்கும் நகைக்கும் பி.ஆர் அண்ட் சன்ஸ். துணிமணிக்கு ஒயிட்அவே லெய்ட்லா.

டிராம் ஓடிய சாலையும்கூட இது. இந்தியாவிலேயே முதன்முறையாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான், 1895-ல். 1953-ல் நிறுத்தப்படும் வரை மவுண்ட் ரோட்டிலும் மணியடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

ஆனா, இந்தப் பளபளப்பு எல்லோருக்குமானதா இருந்ததில்லை. பெரிய கடைகளின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் வசதியானவர்களும்தான். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜேம்ஸ் நீலின் சிலை, இதே சாலையில் நின்றது. அதை அகற்றச் சொல்லி 1927-ல் போராட்டம் நடத்தி, பலர் சிறைக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, ராஜாஜி தலைமையிலான அரசு அமைந்த பிறகுதான் அந்தச் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஒயிட்அவே லெய்ட்லா கட்டடம் பிறகு சுதேசமித்திரன் பத்திரிகையின் கைக்கு வந்து, 'விக்டரி ஹவுஸ்' ஆனது. பெயரிலேயே கதை இருக்கு!

சினிமாவும் 177 அடி ஆச்சர்யமும்

மவுண்ட் ரோட்டை சாதாரண ஜனங்களுக்குச் சொந்தமாக்கியது சினிமா. 1913-ல் இங்கே எலெக்ட்ரிக் தியேட்டர் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இன்னமும் இருக்கிறது, அஞ்சல் துறையின் வளாகத்துக்குள். அடுத்த வருஷமே ரகுபதி வெங்கையா, சாலையை ஒட்டி கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. பிறகு கேசினோ, சாந்தி, ஆனந்த், தேவி என்று வரிசை கட்டின. 1964-ல் வந்த சஃபையர் வளாகத்தில் மட்டும் மூணு தியேட்டர். அதில் ப்ளூ டைமண்டில் படம் தொடர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுத்து எப்போ வேணும்னாலும் உள்ளே போகலாம். வெயிலுக்கு ஏ.சி, காலேஜ் கட் அடித்தவர்களுக்கு அடைக்கலம்!

1959-ல் எல்.ஐ.சி கட்டடம் திறக்கப்பட்டது. 177 அடி உயரம். அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம். ஊரில் இருந்து வந்த கதாநாயகன் மஞ்சப்பையோடு அண்ணாந்து பார்க்கும் காட்சியில் இந்தக் கட்டடம் இல்லாவிட்டால், அது சென்னைன்னு ரசிகர்கள் நம்பவே மாட்டார்கள்.

படம் முடிந்ததும் சாப்பாடு? 1951-ல் தொடங்கிய புஹாரி இருந்தது. சிக்கன் 65 பிறந்த இடமாகச் சொல்லப்படுவது இந்த ஓட்டல்தான்.

எங்கே சறுக்கியது?

ஒரே நாளில் விழவில்லை. மெதுவாக, ஒவ்வொரு பக்கமாகச் சரிந்தது.

* தீ: 1975-ல் எல்.ஐ.சி கட்டடத்தில் பெரும் தீ விபத்து. 1983-ல் ஸ்பென்சர்ஸின் பழைய கட்டடம் எரிந்துபோனது. அந்த இடத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா, தொண்ணூறுகளின் இளைஞர்களுக்கு முதல் மால் அனுபவம். பிறகு எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று புது மால்கள் வந்ததும் அதன் கூட்டமும் கரைந்தது.

* தி.நகர்: பட்டு, தங்கம், பாத்திரம் என எல்லாம் ஒரே இடத்தில். பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு, மாம்பலம் ரயில் நிலையம். குடும்பத்தோடு ஷாப்பிங் என்றால் ஜனங்கள் அங்கே போகப் பழகிவிட்டார்கள்.

* மனை விலை: தியேட்டர் நடத்துவதைவிட, அந்த இடத்தில் அலுவலகக் கட்டடம் எழுப்புவது லாபம். டி.வி, கேபிள், மல்டிபிளெக்ஸ் வந்த பிறகு கணக்கு இன்னும் மோசமானது. கெயிட்டி, சஃபையர், ஆனந்த் எல்லாம் போயின. சிவாஜி குடும்பத்தின் சாந்தி தியேட்டரும் 2016-ல் திரையை மூடியது.

* வாகனம்: 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலம், சென்னையின் முதல் மேம்பாலம். அதில் தொடங்கி, ஒருவழிப் பாதை, தடுப்புவேலி, பார்க்கிங் தடை என எல்லாமே வண்டிகள் வேகமாகக் கடந்து போவதற்காகத் திட்டமிடப்பட்டவை. எதிர்ப்பக்கக் கடைக்குப் போகணும்னா எங்கேயோ போய் 'யு டர்ன்' போட்டு வரணும். அவ்வளவு கஷ்டப்பட்டு எந்த வாடிக்கையாளர் வருவார்?

பத்து வருஷ பேரிகேட்

கடைசி அடி, மீட்க வந்த திட்டத்திடம் இருந்தே விழுந்தது. 2010-களின் பெரும்பகுதி, சாலைக்குக் கீழே மெட்ரோ சுரங்கப் பணி. மேலே நீல நிறத் தகடுகள், தூசி, மாற்றுப் பாதை. கடை வாசலை மறைத்துத் தகடு நின்றால், வியாபாரம் என்ன ஆகும்? வாடகையை மட்டும் மாசாமாசம் கட்டணுமே. 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் பள்ளி அருகே சாலையே உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

கீழிருந்து வந்த உயிர்

2018 மே மாதம் சின்னமலை முதல் டி.எம்.எஸ் வரை, 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ் முதல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி, ஆயிரம் விளக்கு, டி.எம்.எஸ், தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை என ஏழு ஸ்டேஷன்கள் இந்த ஒரே சாலையை ஒட்டி! ஏர்போர்ட்டில் இருந்தோ சென்ட்ரலில் இருந்தோ ஏறினால், டிராஃபிக்கில் சிக்காமல் நேராக இங்கே இறங்கலாம். பார்க்கிங் பிரச்னையே இல்லை. செல்போன் ரிப்பேருக்கு ரிச்சி தெரு, படத்துக்கு தேவி, படிக்க தேவநேயப் பாவாணர் நூலகம் என்று ஒரே நாளில் சுற்றிவரலாம்.

ஆனா, முழுசா மீண்டுவிட்டதுன்னு சொல்லிவிட முடியுமா? 1897-ல் கட்டப்பட்ட பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை எடுத்துக்கோங்க. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். ஆனா, இடிக்கக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு போடலாம். ஒழுகுற கூரையை யார் சரிபண்றது? காப்பாற்றப்பட்ட கட்டடம், கவனிக்க ஆளில்லாமலும் சாகும்.

இன்னொரு பக்கம், தேனாம்பேட்டையில் இருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ நீளத்துக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம். சிக்னலில் காத்துக் கிடப்பவர்களுக்கு அது நிம்மதிதான். ஆனா, மேலே பறந்துபோகிற வண்டி எந்தக் கடை வாசலிலும் நிற்காது. ஜெமினி மேம்பாலக் காலத்தில் இருந்தே இந்தச் சாலையிடம் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் இது: இது வழியாகப் போகணுமா, இங்கே வரணுமா?

ஒரு ஞாயிறு காலை, நடந்து பாருங்க!

1. மன்றோ சிலை, தீவுத்திடல்: குதிரையில் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. நல்லா உத்துப் பாருங்க.

2. அரசினர் தோட்டம்: ராஜாஜி ஹால் உள்ள வளாகம். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி எனத் தலைவர்களுக்குத் தமிழகம் இறுதி மரியாதை செய்தது இங்கேதான்.

3. அண்ணா சிலை: அண்ணா உயிரோடு இருந்தபோதே, 1968-ல் வைக்கப்பட்ட சிலை.

4. ஹிக்கின்பாதம்ஸ்: கடை திறந்திருக்கும் நாளில் உள்ளே போய் அண்ணாந்து கூரையைப் பாருங்க. ஒரு புத்தகமாவது வாங்குங்க.

5. ஆயிரம் விளக்கு மசூதி: ஒரு காலத்தில் இங்கே ஆயிரம் விளக்குகள் ஏற்றியதால்தான் இந்த ஏரியாவுக்கே அந்தப் பெயர்.

அலுத்துப்போனால் கவலை வேண்டாம். மசூதியில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே மெட்ரோ ஸ்டேஷன். ஆனா, படியிறங்குறதுக்கு முன்னாடி, வழியில் ஏதாவது ஒரு பழைய கடையில் டீயாவது குடிச்சிட்டுப் போங்க. ரயில் நம்மை மவுண்ட் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விடும். அந்தக் கடைக்காரருக்கு அடுத்த மாச வாடகைக்கு வழி பண்றது, படியேறி மேலே வர்ற நாமதான்!