சைலன்சரில் ஏறிய மின்சாரம்

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில், நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தாக வேண்டும் என்ற விதி 1995 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கார் ஷெட்டுகளில் வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இடையே நிலவிய வேலைப் பிரிவினை குலையத் தொடங்கியது அதன் பிறகுதான். அதற்கு முன், வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டானாலும், அம்பாசடரானாலும், ஃபியட்டானாலும், சைலன்சரில் ஓட்டை விழுந்தால் அது கேஸ் வெல்டிங் வைப்பவர் பாடு. அதே ஆண்டில் பாடியில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். போன்ற நிறுவனங்களின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் எலக்ட்ரீஷியன் பாடு.

புகைக்குழாய்க்கு மின்கம்பியைக் கொண்டுவந்தது ஆக்சிஜன் சென்சார். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976இல் வோல்வோ காரில் இடம்பெற்ற இக்கருவியில், சிர்கோனியாப் பீங்கானின் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படுகின்றன. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வேறுபாடு சிறு மின்னழுத்தமாகிறது. பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட் என வரும் இந்தக் குறிப்பைக் கொண்டு, எஞ்சினை ஆளும் கணினியான இசியு, கன்வெர்ட்டருக்குத் தேவையான, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற அளவை நிலைநிறுத்துகிறது. பீங்கான் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் இது நடக்கும் என்பதால், 1980களின் தொடக்கத்தில் அதற்குள்ளேயே ஒரு ஹீட்டரைப் பதித்தனர். ஈயம் கலந்த பெட்ரோல் சென்சாரின் பிளாட்டினப் பூச்சைக் கெடுத்துவிடும்; அது நாடு முழுவதும் விலக்கப்பட்டது 2000இல்தான்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், மறு ஆண்டு மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் புறப்பட்டபோது, கார்புரேட்டர் இல்லாத எரிபொருள் ஊசி எஞ்சின்கள் நகரத் தெருக்களில் பெருகின. சோழவரம் கார் பந்தயங்களில் வளர்ந்த மோட்டார் ரசனை இந்தக் கார்களையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சினிலிருந்து வரும் குழாய்களை நீட்டி ஒன்றுசேர்க்கும் ஹெடரை மாட்டும்போது, சென்சார் எஞ்சினை விட்டு விலகிக் குளிர்ந்துவிடுகிறது. குறிப்பு கிடைக்காத இசியு நிலையான கணக்கில் பெட்ரோலை விட, மைலேஜ் இறங்குகிறது. பழைய காரின் ஒற்றைக் கம்பிச் சென்சாரை எடுத்துவிட்டு ஹீட்டர் உள்ள நான்கு கம்பிச் சென்சாரை வைப்பது இதனால்தான்.

பாஷ் வகையில் வெள்ளைக் கம்பிகள் இரண்டும் ஹீட்டருக்கு, கறுப்பு குறிப்புக்கு, சாம்பல் அதன் எர்த்துக்கு. ஹீட்டருக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், நிறுத்திவைத்த காரிலும் அது எரிந்து பேட்டரியை இறக்கிவிடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் தரும் எரிபொருள் பம்ப் ரிலேயிலிருந்து, தனி ஃப்யூஸ் வைத்து எடுப்பதே முறை. ஈயப் பற்று வைத்து ஒட்டுவது ரேடியோ வேலைக்குப் பொருந்தலாம். இங்கே, பல வகைச் சென்சார்களில் வெளிக்காற்று கம்பி இழைகளின் இடுக்கு வழியாகவே உள்ளே போவதால், பற்று அந்த வழியை அடைத்துவிடும். ஆகவே கம்பிகளை நசுக்கி இணைக்க வேண்டும். குழாயில் சென்சாரைக் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்த்துப் பொருத்தினால் புகையின் ஆவி குளிர்ந்து உருவாகும் நீர் அதில் தேங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்காலளவு நீர் நிற்கும் தியாகராய நகர்த் தெருக்களுக்கு, கனெக்டரை உயரமாகக் கட்டுவதும் இன்றியமையாதது.

கார்புரேட்டர் கார்களில் இதே சென்சாரைப் பொருத்துவோரும் உண்டு. அங்கே அது ஒரு மீட்டரின் முள்ளை அசைக்குமே ஒழிய, கலவையை மாற்றாது. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை இன்றும் கையால்தான் மாற்ற வேண்டும். கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சென்சாரை மட்டும் வைத்துக்கொள்வது மேம்பாடே ஆகாது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.