இடைவெளியா, அளவா? டாப்டோமைசினின் தசைச் சேதமும் நுரையீரல் அழற்சியும்

டாப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் தசை சேதமடைவதைப் பற்றிய அண்மைக்கால எழுத்துகள் பலவும் அதைக் குருதியிலுள்ள மருந்தின் அளவோடு பிணைத்தே பேசுகின்றன. அடுத்த ஊசிக்குச் சற்று முன் எஞ்சியிருக்கும் மருந்து லிட்டருக்கு 24.3 மி.கி.யைத் தொட்டால் ஆபத்து, தொடாவிட்டால் அச்சமில்லை என்பது ஏறக்குறைய வாய்ப்பாடாகிவிட்டது. இந்த வாசிப்புக்கு ஆதாரமாக 2000இல் வெளியான நாய் ஆய்வையும் துணைக்கு அழைப்பதுண்டு. ஆனால் அந்த ஆய்வு சொல்வது வேறு.

அதன் முதற்பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 75 மி.கி.யை ஒரே தடவையில் பெற்ற நாய்களைவிட, அதே அளவை மூன்றாகப் பிரித்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெற்றவற்றுக்கே தசைச் சேதம் மிகுதி. முன்பு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 4 மி.கி. பெற்ற தன்னார்வலர்களின் தசை பாதிக்கப்பட்டு, மருந்தே கிடப்பில் போடப்பட்டதற்கும் இதிலிருந்து விளக்கம் கிடைத்தது.

அவ்வளவாகப் பேசப்படாதது இரண்டாம் பகுதி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு வெறும் 5 மி.கி. பெற்ற நாய்கள், நாளுக்கு ஒருமுறை 25 மி.கி. பெற்றவற்றைவிட அதிகம் பாதிக்கப்பட்டன. அவற்றின் உச்ச அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மொத்த மருந்து வெளிப்பாடும் சுமார் 40 விழுக்காடு குறைவு. ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டுவதால்தான் சேதம் நேர்கிறது என்ற விளக்கம் இங்கே நிற்கவில்லை. ஆய்வாளர்களே அதை மறுத்து, ஊசிகளுக்கிடையே தசை தன்னைச் சீர்செய்துகொள்ளக் கிடைக்கும் நேரத்தையே காரணமாகக் கருதினர்.

நாயின் உடலில் 24 மணி நேரத்தில் மருந்து கழுவப்பட்டுவிடும், எட்டு மணி நேரத்தில் சிறிது மிஞ்சும். ஆகவே மிச்ச அளவுதான் பகை என்று மறுதரப்பு சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்படியானாலும் மிச்ச அளவு என்பது ஓய்வு நேரத்தின் நிழலே, 24.3 என்ற கோட்டுக்குத் தனி மகிமை ஏதுமில்லை. அந்தக் கோடே விரல்விட்டு எண்ணத்தக்க சில நோயாளிகளின் சி.பி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் நொதி) உயர்வை வைத்துப் போடப்பட்டது. நாய் மனிதனல்லவே என்ற ஆட்சேபத்தைப் பொறுத்தவரை, நாய் ஆய்வைச் சார்ந்த தினம் ஒருவேளை என்ற முறையை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதை இப்போது எழுப்பும் உரிமை இல்லை.

மனிதரில் மருந்தின் அரைவாழ்வு சுமார் எட்டு மணி நேரம்; நாள் முடிவில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அந்த ஓய்வு கரைந்துபோகிறது. சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது அளவைக் குறைக்கும் விதியல்ல, இடைவெளியைக் கூட்டும் விதி. தாமே தசையைப் பாதிக்கக்கூடிய ஸ்டாட்டின் மருந்துகளை உட்கொள்பவர்களைப் பற்றிய சான்று ஒரே குரலில் பேசவில்லை. என் வாசிப்பின்படி, சீர்செய்யும் திறன் குன்றிய தசைக்கு அதே மிச்ச அளவு கூடுதல் கேடு விளைவிக்க வேண்டும்.

தசைக்கான இந்தத் தர்க்கத்தை நுரையீரலுக்கும் நீட்டுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் நுரையீரலில் குவியும் இயோசினோஃபில் நிமோனியா குறித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையம் 2010 ஜூலையில் எச்சரித்தது. சிகிச்சை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், மூச்சிரைப்பு, குருதியில் ஆக்சிஜன் குறைவு. மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தால் தணிகிறது. மீண்டும் கொடுத்தபோது திரும்பி வந்ததும் பதிவாகியுள்ளது. சேர்ந்து தேய்வதால் வரும் சேதத்தின் நடை இதுவல்ல, நோயெதிர்ப்பு மண்டலத்தின் நடை. நுண்ணறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் இம்மருந்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. நிமோனியாவுக்கு இதைக் கொடுக்காததன் காரணமே அதுதான். கிருமியைக் கொல்ல முடியாத அதே இடத்தில் தங்கிவிட்ட மருந்தே இயோசினோஃபில்களை அழைக்கிறது என்பது இன்னும் கருதுகோள்தான். எனினும், அளவை மட்டும் பார்க்கும் விளக்கத்தைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் வாராந்திர சி.பி.கே. பரிசோதனை நுரையீரலுக்குக் காவலாகாது. சி.பி.கே. இயல்பாக இருக்கும் நோயாளிக்கு மூன்றாம் வாரத்தில் புதிதாகக் காய்ச்சல் கண்டால், பழைய தொற்றே முற்றிவிட்டதென்று அளவை உயர்த்துமுன் மார்பு எக்ஸ்ரேயையும் இயோசினோஃபில் எண்ணிக்கையையும் பார்த்தாக வேண்டும்.