பிரிஜிட்டின் நெருப்பும் ஒரு மரத் தாங்கியும்



அயர்லாந்தில் வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஓக் மரத்தில் கையால் கடைந்த மெழுகுவத்தித் தாங்கி. நடுவில் சின்னப் பித்தளைக் கிண்ணம், விளிம்பில் பின்னல் வேலைப்பாடு. பிரிஜிட் என்ற கெல்டிக் தேவியின் பூஜைப் பீடத்தில் வைப்பதற்காம். "இரண்டாயிரம் வருஷத்து மரபு என்று விற்றவர் சொன்னார். உண்மையா சார்?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

முதலில் தேவி. பழைய அயர்லாந்து மக்கள் அவளைப் பற்றித் தாங்களே எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். 908-ல் இறந்த கார்மக் என்ற ஆயர்-அரசரின் பெயரில் ஒரு சொல்லகராதி இருக்கிறது. அதில்தான் பிரிஜிட் கவிஞர்கள் வணங்கிய தேவி, தக்தாவின் மகள் என்று வருகிறது. அவளுக்கு அதே பெயரில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி வைத்தியத்துக்கு, இன்னொருத்தி கொல்லு வேலைக்கு. அகராதியில் இருப்பது இந்த அளவுதான். மெழுகுவத்தி பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பீடம் வேண்டுமென்றால் கடலைத் தாண்டி பிரிட்டனுக்குப் போக வேண்டும். அங்கே ரோமர் காலத்தில் பிரிகாந்தியா என்றொரு தேவி இருந்தாள். இரண்டு பெயருக்கும் வேர் ஒன்று; 'உயர்ந்தவள்' என்று பொருள். அவள் பெயர் பொறித்த பலிபீடங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் எல்லாம் கல். ஸ்காட்லாந்தின் பிரென்ஸ் கோட்டையில் கிடைத்த அவளுடைய சிலையை வைத்தவர் அமாந்துஸ் என்ற கட்டடக் கலைஞர். அயர்லாந்து ரோமப் பேரரசுக்குள் வந்ததே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் விளக்கு எங்கிருந்து வந்தது? கில்டேரிலிருந்து. ஐரிஷ் மொழியில் அந்த ஊர்ப் பெயருக்கு 'ஓக் மரத்துக் கோயில்' என்று பொருள். அங்கே புனித பிரிஜிட் என்ற துறவிப் பெண்ணின் மடம் இருந்தது. தேவியும் துறவியும் ஒருவரா, இருவரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. 1185-ல் இளவரசர் ஜானோடு அயர்லாந்து வந்த ஜெரால்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார், அந்த மடத்தில் அணையாத நெருப்பு ஒன்று எரிவதாக எழுதினார். பத்தொன்பது கன்னியர் ஆளுக்கோர் இரவு காவல். இருபதாம் இரவில் விறகை அடுக்கி வைத்துவிட்டு, "பிரிஜிட், இது உன் முறை" என்று விட்டுவிடுவார்களாம். சுற்றிலும் வேலி, உள்ளே ஆண்கள் கால் வைக்கக் கூடாது. நெருப்பை வாயால் ஊதக் கூடாது, துருத்தியோ விசிறியோதான். இவ்வளவு காலம் எரிந்தும் சாம்பல் பெருகவில்லை என்கிறார் அவர். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்!

1220-ல் டப்ளின் பேராயர் ஹென்றி அதை அணைக்கச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. மறுபடி ஏற்றினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மடங்களையே கலைத்தபோது அதுவும் போயிற்று.

மெழுகுவத்தி தேவாலயத்திலிருந்து வந்தது. பிப்ரவரி 1 பிரிஜிட்டின் நாள்; மறுநாள் மெழுகுவத்திகளை மந்திரிக்கும் திருநாள். அடுத்தடுத்து வருவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஏழை வீடுகளில் மெழுகு ஏது? கோரை மாதிரி ஒரு புல்லின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கொழுப்பில் தோய்த்து எரிப்பார்கள். அதைப் பிடித்து நிறுத்த, ஒரு மரக்கட்டையில் இரும்பு இடுக்கியைச் செருகியிருப்பார்கள். பிரிஜிட் சிலுவை பின்னுவதும் அதே புல்லில்தான். மாணவியின் தாங்கிக்கு மரத்தில் மூதாதை தேடினால் அந்தக் கரி படிந்த கட்டையைத்தான் காட்டுவேன். அதில் பின்னல் வேலைப்பாடெல்லாம் இருக்காது.

வீட்டில் தேவிக்குப் பீடம் வைத்து மெழுகுவத்தி ஏற்றும் இன்றைய முறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. பிரிட்டன் பழைய சூனியச் சட்டத்தை 1951-ல் நீக்கியது. 1954-ல் ஜெரால்ட் கார்ட்னர் தன் புத்தகத்தை வெளியிட்டார். பழைய தெய்வங்களை வணங்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் அதன் பிறகே பெருகினார்கள். மரபு புதிது என்பதால் அவர்கள் பக்தி பொய்யாகிவிடாது. ஆனால் "இரண்டாயிரம் வருஷம்" என்று சொல்லி விற்பதில் எனக்குக் கோபம் உண்டு. இருட்டில் முறைபோட்டு விழித்திருந்த அந்தப் பத்தொன்பது பெண்களின் கதையை அது மறைத்துவிடுகிறது. அவர்கள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

1807-ல் தொடங்கிய பிரிஜிடைன் சகோதரிகள் சபை 1993-ல் கில்டேர் சந்தைச் சதுக்கத்தில் அந்த நெருப்பை மீண்டும் ஏற்றியது. 2006-ல் அங்கேயே நிரந்தரச் சுடர் ஒன்றைக் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் ஏற்றி வைத்தார். 2023 முதல் பிரிஜிட் நாள் அரசு விடுமுறை. டப்ளினிலிருந்து கில்டேர் ரயிலில் போகும் தூரம்தான் அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். தேவாலய வளாகத்தில் நெருப்பு வீட்டின் அடித்தளம் என்று காட்டுவார்கள், அதையும் படம் எடுத்து அனுப்பு.