ஃபாரஸ்ட்: குதிரைக்கு முன்னால் சந்தை

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கத் தொடங்கினால் நாதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் என்ற பெயர் சீக்கிரமே எதிர்ப்படும். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் குதிரைப்படைத் தளபதி. 1861இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, ராணுவக் கல்லூரிப் படிப்பே இல்லாமல் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தவர். 1864 ஜூனில் தன் படையைப் போல இரு மடங்குப் படையை விரட்டியவர். எல்லாம் உண்மைதான். ஆனால் கதையைக் குதிரையில் தொடங்கினால் அவர் மாவீரர் ஆகிவிடுகிறார். நாம் சந்தையில் தொடங்குவோம்.

1821இல் டென்னஸியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஃபாரஸ்ட், 1850களில் மெம்பிஸ் நகரில் மனிதர்களை வாங்கி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். ஆடம்ஸ் தெருவில் அவருடைய அடிமைச் சந்தை இருந்தது. போர் வந்ததும் சொந்தச் செலவில் குதிரைப்படை திரட்டினார் என்று மெச்சுகிறவர்கள், அந்தப் பணம் வந்த வழியைச் சொல்வதில்லை.

1864 ஏப்ரல் 12. மிசிசிப்பி ஆற்றங்கரையில் பில்லோ கோட்டை. உள்ளே வடக்கின் படையினர் சுமார் 600 பேர். ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பர்கள், அவர்களில் பலர் சமீபம்வரை அடிமைகள். கோட்டை விழுந்த பிறகும் கொலை நிற்கவில்லை. ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் செத்தார்கள். கறுப்புச் சிப்பாய்களில் மூன்றில் இரண்டு பங்கினர். அவரே உத்தரவிட்டாரா என்று இன்னும் வாதாடுகிறார்கள். நாம் அவருடைய அறிக்கையைப் பார்ப்போம். ஆறு இருநூறு கஜ தூரம் ரத்தச் சிவப்பானதாகவும், கறுப்புச் சிப்பாய்கள் தெற்கத்தியருக்கு ஈடாக முடியாது என்பதை வடக்குக்கு இது உணர்த்தும் என்று நம்புவதாகவும் எழுதினார்.

தோற்ற பிறகு, 1867இல், கு க்ளக்ஸ் கிளானின் முதல் தலைவர். விடுதலையான கறுப்பர்கள் ஓட்டுப் போடாதபடி இரவில் வீடு புகுந்து அடித்த, கொன்ற கூட்டம் அது. 1871இல் நாடாளுமன்றக் குழுவின் முன் தான் அதில் உறுப்பினரே இல்லை என்றார். 1875இல் கறுப்பர் அமைப்பு ஒன்றின் கூட்டத்தில் நல்லிணக்கம் பேசியதை அபிமானிகள் மறக்காமல் எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆண்டுகளில்தான் மெம்பிஸ் அருகே ஒரு தீவில் சிறைக் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பண்ணை நடத்தினார். 1877இல் இறந்தார்.

1905இல் மெம்பிஸில் அவருக்குக் குதிரைமேல் சிலை வைத்தார்கள். பொது நிலத்திலிருந்து அதை எடுக்க மாநிலச் சட்டம் தடுத்தது. கறுப்பின மக்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2017 டிசம்பரில் நகராட்சி அந்தப் பூங்காவையே ஒரு தனியார் அமைப்புக்கு விற்றது. அன்றிரவே சிலை இறங்கியது. அடியில் இருந்த அவருடைய எலும்புகளை 2021இல் எடுத்துச் சென்றார்கள்.