தென்பெண்ணைக் கரையில் தகவல் யாருக்கு?

1892 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாண அரசும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை காவிரிச் சண்டையின் முதல் பத்திரமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் அட்டவணையில் தென்பெண்ணையும் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஆறுகளில் மைசூர் புதிதாகப் பாசன நீர்த்தேக்கம் கட்ட விரும்பினால், அதைப் பற்றிய முழுத் தகவலையும் சென்னைக்கு அனுப்பி, வேலை தொடங்கும் முன்பே சம்மதம் பெற வேண்டும். மேல்மடையில் நடப்பதைக் கீழ்மடைக்காரன் முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற நியாயம் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லையில் அப்போதே எழுத்தில் ஏறிவிட்டது. ஆனால் அந்தத் தகவல் இரண்டு அரசுகளின் கோப்புகளுக்குள்தான் பயணித்தது. ஆயக்கட்டில் நின்ற விவசாயிக்கு அதைக் கேட்கும் உரிமை கிடையாது. 1923-இன் அலுவலக ரகசியச் சட்டம் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. விடுதலைக்குப் பிறகு அணைகளும் மின்வாரியமும் குடிநீர் வாரியமும் வந்தன. கோப்பைக் காட்டாத வழக்கம் மட்டும் மாறவில்லை.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. 1997-இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இதில் முந்திக்கொண்ட மாநிலம் இதுதான் என்றாலும், விதிவிலக்குகள் மலிந்த சட்டம் அது. 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டமே சாதாரண மனிதனின் கையில் உண்மையான பிடியைக் கொடுத்தது. இந்தப் பகுதிக்கு அதன் தேவை எவ்வளவு என்பதை இரண்டு அணைகளே சொல்லும். ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரின் கழிவுநீர் நுரையாகப் பொங்கி வருகிறது. அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது, மேலே உள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் எவ்வளவு கழிவைச் சுத்தம் செய்கின்றன என்பது பாசனக்காரருக்கு வாழ்வாதாரக் கேள்வி. கீழே, 1950-களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் 29 அன்று முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் வெளியேறியது. அறுபது ஆண்டு பழைய இரும்புதான் விட்டுக்கொடுத்தது. மதகுகளின் பராமரிப்புப் பதிவேடு ஆண்டுதோறும் ஊரார் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தால், அந்த இரும்பின் நிலையைப் பற்றிய கேள்வி உடைவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

இன்று கோப்பைப் பூட்ட ஒரு புதிய காரணம் வந்திருக்கிறது. பம்பையும் வால்வையும் மின் துணை நிலையத்தையும் தொலைவிலிருந்து கணினியில் இயக்கும் காலத்தில், வலைப்பின்னல் விவரம் வெளியே போனால் ஆபத்து என்கிறார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்தது தமிழ்நாட்டுக்கே எச்சரிக்கை. நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியதும், கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோடு இணைக்கப்படாதது, அதைத் தாக்கவே முடியாது என்று அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் அறிக்கை விட்டது. நிர்வாகப் பணிக்கான வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே அது தெரியவந்தது என்று மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. ஊடுருவலைத் தகவல் உரிமை மனு எதுவும் உண்டாக்கவில்லை. மக்களின் நம்பிக்கையைக் குலைத்ததோ, ஏறத்தாழ இரண்டு மாத மௌனமும் அதற்குப் பிறகு வந்த மறுப்பும்தான். ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில் 2000-இல் கழிவுநீர் அமைப்பைக் கெடுத்து ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவைப் பூங்காவிலும் ஓடையிலும் திறந்துவிட்டவர், அந்தக் கருவிகளை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு எந்தப் பொது ஆவணமும் தேவைப்படவில்லை. உள்ளே இருந்து கற்ற அறிவும், வேலையைவிட்டுப் போனவருக்கு வழியை அடைக்காத அமைப்பும் போதுமானவையாக இருந்தன.

ஆவணங்களைத் திறப்பதில் ஆபத்தில்லை என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் தீங்கற்ற துணுக்குகளை ஒருவர் சேர்த்துவைத்து முழு வரைபடமாக்கிவிடலாமே? டெண்டரில் கருவியின் பெயர், பணி ஆணையில் இடம், பழுது அறிக்கையில் பலவீனம் என்று பொறுக்கினால் போதும். இதை ஒதுக்கிவிட முடியாது. கருவியின் மாதிரி, மென்பொருள் பதிப்பு, இணைப்பு வரைபடம், கடவுச்சொல் ஏற்பாடு ஆகியவை வெளியே வரக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 8(1)(அ) பிரிவு நாட்டின் பாதுகாப்பைக் காக்கிறது. 10-ஆவது பிரிவு மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. 8(2) பொதுநலன் பெரிதானால் மறைத்ததையும் திறக்க வழிசெய்கிறது. கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கேட்ட அணு உலை எதிர்ப்பாளர் சுப. உதயகுமாருக்கு, வடிவமைப்பு ரகசியங்களை நீக்கிவிட்டு அதைக் கொடுக்குமாறு மத்தியத் தகவல் ஆணையம் 2012-இல் உத்தரவிட்டது இந்த முறையில்தான். அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. கத்தரித்துக் கொடுக்கும் வழி இருக்கும்போதே முழுக் கட்டையும் பூட்டும் ஆசை எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2023-இல் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் தகவல் உரிமைச் சட்டத்தின் எல்லையிலிருந்தே விலக்கப்பட்டதும் அதே திசையில்தான்.

சிறிய நகராட்சியில் எதை நீக்குவது என்று தெரிந்த ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது, கதவை அடைப்பதல்ல. எதை மறைக்கத் தேவையில்லை என்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே பாருங்கள். 1928.80 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு, 2013-இல் திறக்கப்பட்டது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்காக வந்த திட்டம் அது. அதன் நோக்கத்தையும் செலவையும் கடன் கொடுத்த ஜப்பானிய நிறுவனமே தன் மதிப்பீட்டில் வெளியிடுகிறது. அப்படியிருக்க, எந்த ஊருக்கு எத்தனை லிட்டர் வந்தது, புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே இருந்ததா, பம்பு எத்தனை நாள் நின்றது என்பவை தாக்குதல்காரனுக்கு எதற்கும் உதவாது. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் தாய்க்கு எல்லாவற்றுக்கும் உதவும்.

2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஓசூரும் குடிநீர் வடிகால் வாரியமும் செய்யக்கூடியது இது: நீரின் அளவு, தரம், செலவு, ஒப்பந்தம், பராமரிப்பு ஆகியவற்றைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, யாரும் கேட்காமலேயே மாதந்தோறும் வெளியிடட்டும். கட்டுப்பாட்டுக் கணினியின் விவரங்களை மட்டும், காரணத்தை எழுத்தில் சொல்லி, மறைக்கட்டும். ஊடுருவல் நடந்தால், ஓட்டையை அடைத்த பிறகு அதை மக்களிடம் அறிவிக்கட்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கும் வாசகர்கள், பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பும் அடுத்த மனுவிலேயே நீரின் அளவையும் தரத்தையும் கேட்கத் தொடங்கலாம்.