கன்னியாஸ்திரிகளுக்கு ஏன் வரவில்லை?

இன்னைக்குக் கதை இத்தாலியின் வெரோனா நகரத்தில் ஆரம்பிக்குது. 1842-ல் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அந்த ஊரின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தார். 1760 முதல் 1839 வரை, கிட்டத்தட்ட 80 வருஷக் கணக்கு. அதில் ஒரு விஷயம் தெரிஞ்சது. கர்ப்பப்பைப் புற்றுநோய் கல்யாணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் அதிகம். கன்னியாஸ்திரிகளுக்கு ரொம்ப அரிது. மார்பகப் புற்றுநோயோ கன்னியாஸ்திரிகளுக்குத்தான் அதிகம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை அப்போ தனியாப் பிரிச்சு எழுதலை. ஆனாலும் இந்த நோய்க்கும் உடலுறவுக்கும் தொடர்பு இருக்கும்னு பிறகு வந்தவங்க சந்தேகப்பட இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

கணக்கு சரிதான். அதுக்கப்புறம் கேட்ட கேள்விகள்தான் என்னை உறுத்துது. எந்த வயசில் கல்யாணம், எத்தனை குழந்தை, எத்தனை பேரோட உறவு? பெரும்பாலும் பெண்களைத்தான் விசாரிச்சாங்க. 1982-ல் ஸ்கெக், ரிச்சர்ட் டால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் அந்தக் கேள்வியை ஆண்கள் பக்கம் திருப்பினாங்க. பெண்ணுக்கு ஒரே துணைதான் என்றாலும், அவளுக்கான ஆபத்து கணவரின் பழக்கத்தைப் பொறுத்தும் இருக்கலாம் என்பது அவங்க வாதம்.

அடுத்த வருஷம் ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு, புற்றுத் திசுவில் ஹெச்.பி.வி. 16 என்ற வைரஸைக் கண்டுபிடிச்சது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

இந்த வைரஸ் ரொம்ப சாதாரணம். உடலுறவில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒரு தடவையாவது தொத்தும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே விரட்டிடும். விரட்ட முடியாமல் வருஷக்கணக்கில் தங்கினால்தான் சிக்கல். சிகரெட்டும் ஹெச்.ஐ.வி.யும் அந்த ஆபத்தைக் கூட்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஆனா இந்த நோய்க்குப் பரம்பரை மட்டும் காரணமில்லை.

"நான் ஒழுங்காத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று ஒருத்தி போக மாட்டாள். "போனா என்ன நினைப்பாங்க?" என்று இன்னொருத்தியும் போக மாட்டாள். ரெண்டு பேருமே அந்தப் பழைய விசாரணைக்குத்தான் பதில் சொல்லிட்டு இருக்காங்க.

2006-லிருந்து தடுப்பூசி இருக்கு. 30 வயசிலிருந்து ஸ்கிரீனிங் செய்யச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். அம்மாகிட்ட, அக்காகிட்ட இன்னைக்கே பேசுங்க. அவங்க தயங்கினா, இந்த வெரோனா கதையிலிருந்து ஆரம்பிங்க.